ஈஸ்டர் எழுச்சி 1916: ஆறே நாளில் தோற்றவர்கள் ஜெயித்தது எப்படி?

#1 · லிஃபிக்கரை

வேலைக்காக டப்ளின் வந்து மூன்று வருடம் ஆகிறது. தினமும் பஸ் ஏறுவது ஓகானல் தெருவில்தான். அங்கே டேனியல் ஓகானல் சிலையின் பீடத்தைச் சுற்றி இறக்கையோடு நான்கு பெண் உருவங்கள் இருக்கும். இத்தனை நாள் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. போன வாரம் பஸ் தாமதம். சும்மா நின்றபோது பார்த்தால், ஒரு பெண்ணின் மார்பில் ஓட்டை. பக்கத்தில் நின்ற பெரியவரிடம் என்ன என்று கேட்டேன். “பதினாறு” என்றார். அவ்வளவுதான். இதற்குமேல் ஒருத்தன் கேட்பானா என்பது போல பஸ் வரும் திசையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் புரிந்தவரை கதை இதுதான். 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. சுமார் 1,200 பேர் டப்ளினின் தலைமைத் தபால் நிலையம், நீதிமன்ற வளாகம், ஜேக்கப் பிஸ்கட் ஆலை, போலண்ட் ரொட்டி ஆலை என்று கட்டடம் கட்டடமாகப் புகுந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். தபால் நிலைய வாசலில் நின்று பேட்ரிக் பியர்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் அயர்லாந்து இனி குடியரசு என்று ஒரு பிரகடனத்தை வாசிக்கிறார். கேட்க நின்றவர்கள் கொஞ்சம் பேர். கைதட்டலும் சொல்லும்படி இல்லை. சனிக்கிழமை, 29ஆம் தேதி, சரணடைகிறார்கள். பிடிபட்டவர்களைத் தெருவில் நடத்திக் கூட்டிப்போனபோது ஊர் ஜனமே வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறது.

இரண்டரை வருடம் கழித்து, 1918 டிசம்பர் தேர்தலில், அயர்லாந்தின் 105 இடங்களில் 73 இவர்கள் பக்கம். இது எப்படி நடந்தது? மே மாதம் தலைவர்களைச் சுட்டுக் கொன்றார்கள், ஜனம் மனம் மாறியது என்று எங்கே பார்த்தாலும் ஒரே வரி. அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · அரைடிக்கெட்

கோட்டையை விட்டுவிட்டுத் தபாலாபீசைப் பிடித்தவர்களை என்ன சொல்ல? ஸ்டாம்பு தட்டுப்பாடா?

#3 · பழையதாள்

அரைடிக்கெட், கிண்டலாகக் கேட்டாலும் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

டப்ளின் கோட்டைதான் பிரிட்டிஷ் நிர்வாகத்தின் தலைமையிடம். அன்றைக்கு அங்கே காவலுக்கு இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விடுமுறை நாள், அதிகாரிகள் நிறையப் பேர் ஃபேரிஹவுஸ் குதிரைப் பந்தயத்துக்குப் போயிருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் ஜேம்ஸ் கானலியின் குடிமக்கள் படையைச் சேர்ந்தவர்கள் வாசலில் நின்ற போலீஸ்காரரைச் சுட்டார்கள், காவலறையையும் பிடித்தார்கள். அப்புறம், உள்ளே பெரிய பட்டாளம் இருக்கும் என்று நினைத்துத் திரும்பிவிட்டார்கள்! பக்கத்து நகர மண்டபத்தில் போய் உட்கார்ந்தார்கள். அந்தக் குழுவின் தலைவர் ஷான் கானலி ஒரு நாடக நடிகர். அன்றைக்கே அந்தக் கூரையில் குண்டுபட்டு இறந்தார்.

தபால் நிலையம் ஸ்டாம்புக்காக இல்லை, தந்திக்காக. நகரத்தின் நடுவில் பெரிய கல் கட்டடம் வேறு. ஆனால் டெலிபோன் நிலையத்தைப் பிடிக்காமல் விட்டுவிட்டார்கள். வாரம் முழுக்க பிரிட்டிஷ் ராணுவம் நிம்மதியாகப் போனில் பேசிக்கொண்டிருந்தது.

ஆள் ஏன் இத்தனை குறைவு என்பதற்கு வேறொரு கதை உண்டு. அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. கலகக்காரர்களில் பெரும்பாலோர் இருந்த ஐரிஷ் தொண்டர் படையின் தலைமை அதிகாரி ஓவன் மெக்நீல், பல்கலைக்கழகப் பேராசிரியர். தற்காப்புக்கு மட்டும்தான் துப்பாக்கி என்பது அவர் கொள்கை. அவருக்குக் கீழே, அவருக்கே தெரியாமல், ஐரிஷ் குடியரசுச் சகோதரத்துவம் என்ற ரகசிய அமைப்பு எழுச்சிக்கு நாள் குறித்தது. தாமஸ் கிளார்க், ஷான் மெக்டர்மட், பியர்ஸ் எல்லாம் அந்த ரகசியக் குழு. ஊருக்குச் சொன்னது, ஈஸ்டர் ஞாயிறு அன்று அணிவகுப்புப் பயிற்சி என்று. பயிற்சிக்கு வந்தவன் போருக்குப் போகிறோம் என்று அங்கே வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வியாழன் இரவு மெக்நீலுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து ஆயுதம் வருகிறது என்று சொல்லிச் சமாதானம் செய்து பார்த்தார்கள். அது உண்மைதான். நார்வே நாட்டுக் கப்பல் போல வேஷம் போட்ட ‘ஆட்’ என்ற கப்பலில் 20,000 துப்பாக்கிகள் வந்தன. ஆனால் கப்பல் கிளம்பிய பிறகு இங்கே ஆயுதம் இறக்கும் தேதியை மாற்றிவிட்டார்கள். கப்பலில் கம்பியில்லாத் தந்தி கிடையாது. கெர்ரி கடற்கரைக்கு அது வந்து காத்தபோது கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. கடற்படை மடக்கிப் பிடித்து இழுத்துப் போகையில், கார்க் துறைமுகத்துக்கு வெளியே கப்பல் தலைவரே அதை மூழ்கடித்துவிட்டார். ஆயுதத்துக்காக ஜெர்மனி வரை போன ரோஜர் கேஸ்மென்ட் நீர்மூழ்கியில் வந்து பன்னா கடற்கரையில் இறங்கினார். பெரிய வெள்ளிக்கிழமை. அன்றே பிடிபட்டார்.

சனிக்கிழமை இது எல்லாம் தெரிந்ததும் மெக்நீல் எல்லாவற்றையும் ரத்து செய்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு தானே பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் அறிவிப்புக் கொடுத்தார் என்பார்கள். ஞாயிறு காலை பேப்பரில் வந்துவிட்டது: தொண்டர்கள் யாரும் அணிவகுப்புக்கு வர வேண்டாம். நாடு முழுக்க ஆட்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். ரகசியக் குழுவினர் அன்று காலை கூடிப் பேசி, சரி, ஒரு நாள் தள்ளி நாளை மதியம் என்று முடிவெடுத்தார்கள். அந்த 1,200 என்ற எண்ணிக்கை அப்படி வந்தது.

#4 · மாடிவீடு

அது ஷின் ஃபெயின் கட்சி நடத்திய புரட்சிதானே? யாருமே அந்தப் பேரைச் சொல்லவில்லையே.

#5 · பழையதாள்

இல்லை நண்பரே. ஷின் ஃபெயின் அதை நடத்தவில்லை. அப்போது அது சின்னக் கட்சி; அதன் தலைவர் ஆர்தர் கிரிஃபித் ஆயுதப் புரட்சியில் நம்பிக்கை வைத்தவரே அல்ல. பிரிட்டிஷ் அதிகாரிகளும் பேப்பர்காரர்களும்தான் இதை ‘ஷின் ஃபெயின் கலகம்’ என்று எழுதித் தள்ளினார்கள். அப்புறம் ஜனம் அந்தக் கட்சியைத் தேடிப் போய்ச் சேர்ந்தது; 1918-ல் அந்த 73 இடமும் அதற்குத்தான். எதிரி வைத்த பெயரே விளம்பரம் ஆகிவிட்டது.

#6 · மல்லிகைப்பந்தல்

பிரகடனத்தைப் பற்றி நான் ஒன்று சொல்கிறேன். அப்பா சொந்தமாக அச்சகம் வைத்திருந்தவர் என்பதால் எனக்கு அந்தப் பக்கம்தான் கண் போகும்.

அதை அச்சடித்தது லிபர்ட்டி ஹால் என்ற தொழிற்சங்கக் கட்டடத்தில், ஒரு பழைய இயந்திரத்தில். ஞாயிறு அன்று மூன்று பேர் உட்கார்ந்து எழுத்துக் கோத்தார்கள். முழுத் தாளுக்கும் எழுத்துப் போதவில்லை. முதலில் மேல் பாதியைக் கோத்து அடித்தார்கள். அந்த எழுத்துகளைப் பிரித்து எடுத்துக் கீழ்ப் பாதியைக் கோத்து, அதே தாள்களை மறுபடி இயந்திரத்தில் விட்டார்கள். ஆங்கில ‘ஈ’ எழுத்து தீர்ந்துபோய் வேறு வகை ‘ஈ’ கலந்திருக்கிறது. அசல் பிரதியில் இரண்டு பாதிக்கும் நடுவே இடைவெளி சீராக இருக்காது. ஒரு தேசத்தின் பிறப்புச் சான்றிதழை எழுத்துக் கடன் வாங்கி அடித்திருக்கிறார்கள். அப்பா இருந்தால் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்று. அது ‘ஐரிஷ் ஆண்களே, ஐரிஷ் பெண்களே’ என்றுதான் தொடங்கும். எல்லாக் குடிமக்களுக்கும் சம உரிமை, எல்லா ஆண் பெண்ணுக்கும் வாக்கு என்று பேசியது. பிரிட்டனில் அப்போது பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்கு கிடையாது. ஆனால் போலண்ட் ஆலையில் தலைமை தாங்கிய ஈமன் டி வலேரா, பெண்களை உள்ளே சேர்க்க மறுத்துவிட்டார். ஸ்டீபன் கிரீன் பூங்காவில் நேர்மாறு. அங்கே கான்ஸ்டன்ஸ் மார்கியவிச் கைத்துப்பாக்கியோடு துணைத் தளபதி.

#7 · அரைடிக்கெட்

எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. செத்தவர்கள் கணக்கை யாராவது சொல்வீர்களா, நானே சொல்லவா?

மொத்தம் 485 பேர். அதில் பாதிக்கு மேல் ஆயுதம் தொடாத பொதுஜனம். 16 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் மட்டும் 40 பேர். கலகக்காரர்களில் சண்டையில் செத்தவர்களைவிட வேடிக்கை பார்க்கவும் ரொட்டி வாங்கவும் போய்ச் செத்தவர்கள் பல மடங்கு. யார் இந்தக் கலகக்காரர்களைக் கேட்டார்கள்? தேர்தலில் நின்றார்களா? ஐரிஷ் கட்சித் தலைவர் ஜான் ரெட்மண்ட் லண்டன் நாடாளுமன்றத்தில் பேசிப் பேசி 1914-ல் அயர்லாந்துக்குத் தன்னாட்சிச் சட்டத்தை வாங்கி வைத்திருந்தார். போர் முடியும் வரை நிறுத்தி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

#8 · வடக்குவீதி

கணக்கு சரி, தம்பி. ஆனால் யார் சுட்டுச் செத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நார்த் கிங் தெருவில் வீடு வீடாகப் புகுந்த ராணுவத்தினர் 15 ஆண்களைக் கொன்றார்கள். அவர்கள் அந்தத் தெருக்காரர்கள், படை வீரர்கள் அல்ல. பிரான்சிஸ் ஷீஹி ஸ்கெஃபிங்டன் என்று ஒரு சமாதானவாதி, பெண்களின் வாக்குரிமைக்காகப் பேசியவர். கடைகளைக் கொள்ளையடிக்காதீர்கள் என்று ஜனத்திடம் சொல்லிக்கொண்டு தெருவில் நடந்தார். பிடித்துப் போர்ட்டோபெல்லோ பாசறையில் வைத்து, விசாரணையே இல்லாமல், ஒரு கேப்டன் உத்தரவில் சுட்டுவிட்டார்கள். அந்தக் கேப்டனைப் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று தீர்ப்பெழுதினார்கள்.

கலகக்காரர்களும் சுத்தம் இல்லை. தடுப்புக்கு வண்டியைத் தர மறுத்தவரையும் சுட்டார்கள். தபால் நிலையத்தைச் சுற்றிய தெருக்கள் பீரங்கியில் எரிந்தன. அந்தப் பீரங்கியை வரவழைத்தது அவர்கள் அங்கே உட்கார்ந்ததுதான். முதலாளித்துவ அரசு முதலாளிகளின் கட்டடங்களைப் பீரங்கியால் அடிக்காது என்று கானலி நம்பினாராம். அடித்தது.

கொள்ளை பற்றி ஒரு வார்த்தை. டப்ளினில் அப்போது 20,000 குடும்பங்கள் ஒற்றை அறையில் குடியிருந்தன. முதல் நாளே போலீஸ் தெருவை விட்டுப் போய்விட்டது. பிள்ளைகள் முதலில் உடைத்தது மிட்டாய்க் கடையை. அந்த 40 பேரும் ஏன் தெருவில் இருந்தார்கள் என்பதற்கு இதுவும் ஒரு பதில்.

#9 · லிஃபிக்கரை

திட்டியவர்கள் யார் என்று இப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ‘பிரிவுப்படிப் பெண்கள்’ என்று ஒரு கூட்டமாம். புருஷன் பிரிட்டிஷ் ராணுவத்தில், பிரான்சில் பதுங்குகுழியில். வீட்டுக்கு அரசாங்கம் கொடுக்கும் படிக்காசில் அடுப்பெரியும். தபால் நிலையத்தைப் பிடித்ததில் அந்தக் காசு வாங்க வழியில்லை. திட்டாமல் என்ன செய்வார்கள்?

அதே வாரம், 27ஆம் தேதி தொடங்கி, பிரான்சில் ஹுல்லுக் என்ற இடத்தில் 16ஆவது ஐரிஷ் டிவிஷன் மேல் ஜெர்மானியர்கள் விஷவாயு விட்டார்கள். 500 பேருக்கு மேல் செத்தார்கள். பிரகடனம் ‘ஐரோப்பாவிலுள்ள வீரமிக்க நேச நாடுகள்’ என்றது ஜெர்மனியை மனதில் வைத்துத்தான். டப்ளின் வீடுகளில் இரண்டு செய்தியும் ஒன்றாக வந்து விழுந்திருக்கும்.

#10 · அரைடிக்கெட்

இதைத்தான் நானும் சொன்னேன்.

#11 · குறுக்குச்சந்து

சண்டை என்று ஒன்று நடந்ததே, அதை யாரும் சொல்லக் காணோம். மவுண்ட் தெருப் பாலம், புதன்கிழமை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் இறக்கிய ஷெர்வுட் ஃபாரஸ்டர் படை. பாதிப் பேர் சில மாதப் பயிற்சி பெற்ற பையன்கள். பிரான்சில் இறங்கிவிட்டோம் என்று நினைத்து வழியில் நின்றவர்களுக்குப் பிரெஞ்சில் ‘பான்ஷூர்’ என்று வணக்கம் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. பாலத்தைச் சுற்றிய வீடுகளில் 17 தொண்டர்கள். விசில் ஊத ஊத அந்தப் பையன்கள் நேராக ஓடிவந்து விழுந்துகொண்டே இருந்தார்கள். பிரிட்டிஷ் கணக்குப்படியே செத்தவர், காயம்பட்டவர் சேர்த்து 230-க்கு மேல். கொஞ்சம் தள்ளி இன்னொரு பாலம் காவலே இல்லாமல் கிடந்தது. சுற்றிப் போகலாமா என்று கேட்டால், நேராகவே போ என்று மேலிருந்து உத்தரவு. ராணுவத்தில் எந்த நாடானாலும் இப்படி ஒரு ஆள் மேலே உட்கார்ந்திருப்பார்.

#12 · பழையதாள்

இப்போது லிஃபிக்கரை கேட்டதற்கு வருவோம்.

சுட்டதால் ஜனம் மாறியது என்பது தப்பில்லை. ஆனால் எப்படிச் சுட்டார்கள் என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் மேக்ஸ்வெல் ராணுவ நீதிமன்றம் வைத்தார், கதவைச் சாத்திக்கொண்டு. 90 பேருக்கு மரண தண்டனை. 15 பேரைச் சுட்டார்கள். ஒரே நாளில் இல்லை. மே 3 அன்று கில்மைனம் சிறை முற்றத்தில் பியர்ஸ், கிளார்க், மெக்டோனா. 4 அன்று நால்வர். 5 அன்று ஒருவர். 8 அன்று நால்வர். 9 அன்று கார்க்கில் தாமஸ் கென்ட். 12 அன்று இருவர். பத்து நாள், தவணை தவணையாக. இன்றைக்கு யார் என்று காலையில் பேப்பரைப் பார்த்துத்தான் ஊர் தெரிந்துகொண்டது.

4ஆம் தேதி நால்வரில் ஒருவர் வில்லி பியர்ஸ், பேட்ரிக்கின் தம்பி. பெரிய தலைவர் ஒன்றும் இல்லை. அண்ணன் பின்னால் போனவர். இன்னொருவர் ஜோசப் பிளங்கெட். முந்தின இரவு சிறைக் கோயிலில் கிரேஸ் கிஃபோர்டுக்குத் தாலி கட்டாத குறையாக மோதிரம் போட்டார், விடிந்ததும் சுட்டார்கள். கேத்லீன் கிளார்க்கை நினைத்துப் பாருங்கள். 3ஆம் தேதி கணவர் தாமஸ், 4ஆம் தேதி தம்பி நெட் டேலி. அடுத்தடுத்த இரண்டு ராத்திரி அதே சிறைக்குப் போய் விடை சொல்லிவிட்டு வந்தார். 11ஆம் தேதி லண்டன் நாடாளுமன்றத்தில் ஜான் டில்லன், இவர் ரெட்மண்ட் கட்சிக்காரர், கலகத்துக்கு எதிரி, எங்கள் வாழ்நாள் உழைப்பை ரத்தத்தில் கரைக்கிறீர்கள் என்று கத்தினார். மறுநாளே கானலி. காலில் குண்டு பாய்ந்து நிற்க முடியாதவர். நாற்காலியில் கட்டிச் சுட்டார்கள்.

ஆனால் வெறும் துக்கத்தால் ஓட்டு விழாது. எனக்கு முக்கியமாகத் தெரிவது கைது. சுமார் 3,500 பேரைப் பிடித்தார்கள். சண்டை போட்டவர்கள் அதில் ஒரு பகுதிதான். மற்றவர்களில் பலர் மெக்நீல் அறிவிப்பைப் படித்து வீட்டில் இருந்தவர்கள். வேல்ஸில் ஃப்ரோன்கோக் என்ற இடத்தில், பழைய சாராய வடிசாலையில், பலரை ஒன்றாக அடைத்தார்கள். கெர்ரிக்காரனும் கால்வேக்காரனும் அதுவரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அங்கே பார்த்தார்கள். எழுச்சியில் சண்டை போட்ட மைக்கேல் காலின்ஸ் அந்த முகாமில்தான் ஆள் சேர்த்தார். வெளியே கேத்லீன் கிளார்க் கைதிகளின் குடும்பத்துக்கு நிதி திரட்டினார். 1917-ல் அந்த நிதி அமைப்புக்குச் செயலாளர் ஆனவர் காலின்ஸ். எந்த ஊரில் யாரை நம்பலாம் என்ற விலாசப் பட்டியல் அவர் கைக்கு வந்தது. அடுத்து வந்த சுதந்திரப் போர் அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கிறது என்பேன்.

கடைசியாக 1918 ஏப்ரல். ஐரிஷ்காரர்களையும் கட்டாயமாகப் படையில் சேர்க்க லண்டன் சட்டம் போட்டது. பாதிரியாரிலிருந்து தொழிற்சங்கம் வரை எதிர்த்தார்கள். ஏப்ரல் 23 அன்று வேலைநிறுத்தம். 1916-ல் திட்டிய அம்மாவுக்கு இப்போது தன் கடைசிப் பையனைக் காப்பாற்ற வேண்டும். கூடவே வாக்காளர் எண்ணிக்கை ஏழு லட்சத்திலிருந்து சுமார் 19 லட்சமாக உயர்ந்தது. டிசம்பரில் விழுந்த ஓட்டில் பெரும்பங்கு முதல்முறை வாக்காளர்கள் போட்டது.

#13 · அரைடிக்கெட்

சரி, இது எனக்கு ஒப்புகிறது. ஆனாலும் முன்னால் செய்துவிட்டு அப்புறம் ஜனத்திடம் கையெழுத்து வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. 73 இடம் என்றாலும் ஓட்டுக் கணக்கில் பாதிக்குக் கீழேதான். வடகிழக்கில் இருந்தவர்கள் கேட்டது வேறு, பிரிட்டனோடே இருப்பது. அது நாட்டைப் பிரித்ததில் போய் நின்றது, 1922-ல் அவர்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டதில் முடிந்தது.

#14 · வடக்குவீதி

25 தொகுதிகளில் எதிர்த்து நிற்க ஆளே இல்லை தம்பி. அங்கே ஓட்டுப் பதிவே நடக்கவில்லை. அதையும் கூட்டினால் கணக்கு மாறும். மற்றபடி வடகிழக்கு பற்றிச் சொன்னதை மறுக்க மாட்டேன். பிரகடனம் அந்தச் சிறுபான்மையை ஒரே வரியில் தடவிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

#15 · மாடிவீடு

நம்மூருக்கு இதில் ஏதாவது சம்பந்தம் உண்டா?

#16 · பழையதாள்

உண்டு, நேரடியாகவே. ஜேம்ஸ் கசின்ஸ் என்ற ஐரிஷ் கவிஞர் 1915-ல் சென்னை வந்து அன்னி பெசன்டின் ‘நியூ இந்தியா’ பத்திரிகையில் வேலை பார்த்தார். எழுச்சியைப் பாராட்டி எழுதியதில் அந்த வேலை போயிற்று. பெசன்ட் ஐரிஷ் வம்சாவளி. அதே 1916 செப்டம்பரில் அடையாறில் ஹோம்ரூல் லீக் தொடங்கினார். பெயரே அயர்லாந்திலிருந்து வந்தது. ஆனால் ரெட்மண்ட் வழி, பியர்ஸ் வழி இல்லை. அரைடிக்கெட் அவர் கட்சியில் சேர்ந்திருப்பார்.

வி. வி. கிரி அப்போது டப்ளினில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர். மே 3 அன்று சுடப்பட்ட மெக்டோனா, கிரி படித்த பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். எழுச்சிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போகச் சொல்லி கிரிக்கு உத்தரவு வந்தது. பின்னால் நமக்குக் குடியரசுத் தலைவர்.

#17 · லிஃபிக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று சனிக்கிழமை மூர் தெருவுக்குப் போனேன். பழம், காய்கறி, மீன் எல்லாம் விற்கும் சந்தைத் தெரு. வாழைப்பழம் விற்கும் பாட்டியின் வண்டிக்குப் பின்னால் 16ஆம் எண் வீடு, பலகை மாட்டிப் பூட்டிக் கிடக்கிறது. தபால் நிலையம் எரிந்ததும் சுவரைக் குடைந்து குடைந்து வீடு வீடாகத் தப்பி இங்கேதான் வந்து சேர்ந்தார்கள். வெள்ளைக்கொடியோடு வந்த குடும்பத்தையே தெருவில் சுட்டதைப் பார்த்துப் பியர்ஸ் சரணடைய முடிவெடுத்தாராம். சரணடைவுக் கடிதத்திலும் நகர ஜனம் மேலும் சாகாமல் இருக்க என்றுதான் எழுதியிருக்கிறார். வெள்ளைக்கொடியோடு வெளியே போனது எலிசபெத் ஓஃபாரல் என்ற செவிலி.

பியர்ஸ் பிரிட்டிஷ் ஜெனரல் லோவிடம் சரணடையும் போட்டோவைத் தேடிப் பார்த்தேன். பியர்ஸின் கால்களுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கால்கள், கீழே பாவாடை விளிம்பு. ஆளைக் காணோம், பியர்ஸுக்குப் பின்னால் மறைந்துவிட்டார். சில பிரதிகளில் அந்தக் கால்களையும் அழித்திருக்கிறார்கள்.

#18 · மல்லிகைப்பந்தல்

எதிரிப் பத்திரிகைக்குப் படம் கொடுக்க மனமில்லாமல் அவரே ஒரு அடி பின்னால் நின்றார் என்றும் சொல்கிறார்கள். கால்களை அழித்தது யார் கை என்பது வேறு கேள்வி. அப்புறம் மற்ற இடங்களுக்குச் சரணடைவு உத்தரவை அந்தச் சுடும் தெருக்களின் வழியே கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவர்தான்.

#19 · அரைடிக்கெட்

கடைசியாக ஒரு சந்தேகம். ஸ்டீபன் கிரீன் பூங்காவில் வாத்துக்காகச் சண்டையை நிறுத்தினார்கள் என்று எங்கோ படித்தேன். ரீல்தானே?

#20 · குறுக்குச்சந்து

ரீல் இல்லை. தினம் இரண்டு வேளை பூங்காக் காவலர் தீனிப் பையோடு குளத்துக்கு வருவார். அவர் போட்டுவிட்டுப் போகும் வரை இரண்டு பக்கமும் சுடுவதில்லை.

#21 · லிஃபிக்கரை

அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடைதான். நாளை மதியம் சாப்பாட்டு டப்பாவை அங்கே கொண்டுபோகிறேன்.